சுரங்கத்துக்கு முந்திய தண்ணீர்

"யுரேனியம் தோண்டுனா ஊரே வெடிச்சுடுமா சார்?"

கேட்டவர் மேஸ்திரி. இடம், கே.ஆர்.புரம் ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டீக்கடை. அவர் கேஜிஎஃப்காரர், அதாவது கோலார் தங்கவயல்காரர். மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வந்து, கட்டட வேலை பார்த்துவிட்டு இரவு அதே தடத்தில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அவரிடம் கம்பி கட்டும் பையன்கள் சிலர் யாத்கிர் மாவட்டம் ஷஹாபுர் தாலுகாவிலிருந்து வந்தவர்கள். அந்தத் தாலுகாவில்தான் கோகி இருக்கிறது. பீஜப்பூர் அடில் ஷாஹி வம்சத்தின் முதல் சுல்தான்கள் அடக்கமான ஊர் என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். அணுசக்தித் துறைக்கு அந்த ஊர் வேறு காரணத்துக்காக முக்கியம். பீமா படுகையின் சுண்ணாம்புப் பாறையும் கருங்கல்லும் சந்திக்கும் விரிசல்களில் அங்கே யுரேனியம் படிந்திருக்கிறது. கண்டறிந்தது அணுக் கனிம இயக்ககம். அதன் தென்மண்டல அலுவலகம் நம் பெங்களூர் நாகரபாவியில்தான் இருக்கிறது. ஆய்வுக்காகத் தோண்டிப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். முழுச் சுரங்கம் வருமா வராதா என்ற பேச்சு வருஷக்கணக்காக ஓடுகிறது. பையன்கள் ராத்திரி ஷெட்டில் அதையே பேசிக்கொள்கிறார்களாம்.

"வெடிக்காது அண்ணே" என்றேன். மண்ணிலிருந்து வரும் யுரேனியத்தில் அணு உலையில் பிளக்கக்கூடிய வகை நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை, 0.7 தான். அதை எரிபொருளாக்கி, உலையில் வைத்து, வேண்டுமென்றே மூட்டினால்தான் அந்த நெருப்பு பற்றும். சுரங்கத்திலோ ஆலையிலோ அது நடக்காது. இதைச் சொன்னதும் அவர் பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒரு வாட்சப் செய்தியைக் காட்டினார். அயோடின் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றது அது. அயோடின் மாத்திரை அணு உலை விபத்துக்கானது. உலையிலிருந்து கசியும் கதிரியக்க அயோடின் கழுத்துச் சுரப்பியில் போய் உட்காராமல் தடுக்கத்தான் அதைக் கொடுப்பார்கள். யுரேனியம் சுரங்கத்தில் அந்த அயோடினே கிடையாது. மாத்திரைக்குப் போகும் காசில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் புண்ணியம் உண்டு என்றேன். அவர் நம்பவில்லை. தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். எல்லாச் சம்பந்தமும் அங்கேதான்.

நம் நாட்டுச் சுரங்கங்களில் பெரும்பாலும் ஒரு டன் பாறையை உடைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. கோகியில் தரம் கொஞ்சம் மேல். ஆந்திராவின் தும்மலப்பள்ளியில் அரைக் கிலோவே கடினம். அப்படியென்றால் மீதி பாறை முழுக்க, மாவாக அரைபட்டு, ரசாயனத்தில் ஊறி, குழம்பாக ஒரு பெரிய குட்டையில் போய் விழும். இந்தக் கடையில் வடிகட்டிக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் டீச்சக்கையைப் பாருங்கள் அண்ணே. சாயமெல்லாம் இறங்கிய பிறகு அதில் ஒன்றும் மிச்சமில்லை. யுரேனியத்தின் சக்கை இதற்கு நேர்மாறு. யுரேனியத்தை எடுத்துவிட்டாலும், பாறையில் முதலில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் சக்கையோடே தங்கிவிடுகிறது. காரணம், யுரேனியம் யுகயுகமாகத் தேய்ந்து பெற்ற பிள்ளைகள்: தோரியம்-230, ரேடியம்-226, அதிலிருந்து வரும் ரேடான் வாயு. ஆலைக்கு அவை வேண்டாம், அதனால் குட்டைக்குப் போகின்றன. அந்தத் தோரியம் பாதியாகக் குறைய 75,000 வருஷம் ஆகும். ரேடியத்துக்கு 1,600 வருஷம். சுரங்கத்துக்கு ஆயுள் முப்பதோ நாற்பதோ வருஷம்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க சயனைடு டம்ப்பு மாதிரின்னு சொல்லுங்க."

கேஜிஎஃப்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன மைன்ஸ் தண்ணீரில் மூழ்கிவிட்டது. தங்கம் எடுத்தபின் கொட்டிய சாம்பல்நிற மேடுகள் மட்டும், மூன்று கோடி டன்னுக்கு மேல், ஊரைச் சுற்றி அப்படியே நிற்கின்றன. காற்றடிக்கிற மாதங்களில் அந்த மண் வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும், கொடியில் காயும் துணியில் படியும். சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்க வருவார்கள். ஊர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். பாறைத்தூள் நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் என்றால் என்னவென்று சாம்பியன் ரீஃப்பில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். அவர் வீட்டில் ஒருவர் அதில் போயிருப்பார். சுரங்கம் மூடியபின் மேடு யாருடையது, தூசிக்கு யார் பொறுப்பு என்று நூறாண்டுக்கு மேல் உழைத்த ஒரு தமிழ்ச் சமூகம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோகியின் பையன்களுக்கு ஆலோசனை சொல்ல என்னைவிட மேஸ்திரிதான் தகுதியானவர் என்பது என் எண்ணம். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

யுரேனியச் சக்கை அந்த மேட்டிலிருந்து இரண்டு விதத்தில் மாறுபடும். ஒன்று, அதிலிருந்து ரேடான் வாயு ஓயாமல் கிளம்பும். நிறமில்லை, மணமில்லை, பாதியாகக் குறைய 3.8 நாள். வெட்டவெளியில் கலைந்துபோகும், மூடிய இடத்தில் தங்கும். அது தேயும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகளை ஒரு காகிதம் தடுத்துவிடும், நம் தோலே தடுத்துவிடும். ஆனால் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஈரச் சவ்வுக்கும் அதற்கும் நடுவே ஒரு தடுப்பும் இல்லை. அமெரிக்காவில் நவாஹோ பழங்குடியினர் காற்றோட்டமில்லாத யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். 1950-லிருந்தே அரசு மருத்துவர்கள் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்து வந்தார்கள். ஆபத்து என்னவென்று தொழிலாளருக்கு மட்டும் சொல்லவில்லை. நுரையீரல் புற்றுநோய் வரிசையாக வந்தது. இழப்பீட்டுச் சட்டம் 1990-ல்தான் வந்தது. பீடி குடிப்பவருக்கு ரேடானும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். மேஸ்திரி கையிலிருந்த பீடியைப் பார்த்தார், ஆனால் அணைக்கவில்லை.

இரண்டாவது வேறுபாடு, சக்கையும் சுரங்கக் கல்லும் பார்க்க நல்ல ஜல்லி மாதிரி, நல்ல மணல் மாதிரி இருக்கும். கட்டட வேலைக்காரருக்கு இதைச் சொல்வது முக்கியம். நவாஹோ நாட்டில் அதை வைத்து வீடு கட்டினார்கள், தரை போட்டார்கள். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் சுரங்கக் கல் சாலைக்கும் வீட்டுக்கும் போனதாகவும், தொழிலாளர்கள் தூசி படிந்த சீருடையை வீட்டுக்குக் கொண்டுபோக, பெண்கள் அதைத் துவைத்ததாகவும் அந்த ஊர்களுக்குப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரைத் தயார்படுத்துவது என்றால் பலரும் சைரன், முகமூடி, கறுப்புக் கண்ணாடி என்று நினைக்கிறார்கள். மாற்றுத்துணி உடுத்திக் குளித்துவிட்டு ஆலையை விட்டு வெளியே வா, ஓசிக்குக் கிடைக்கிறதென்று அந்தக் கல்லை வாங்காதே, கோடையில் குட்டை வற்றி ஓரம் வெளுத்துக் கிடக்கும்போது பிள்ளைகளையும் ஆடுகளையும் அந்தப் பக்கம் விடாதே. இதைப் பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் தூசிக்கும் வாயுவுக்கும் எதிரான பாதி ஏற்பாடு.

மீதி, தண்ணீர். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. மேஸ்திரி இரண்டாவது டீ சொன்னார்.

"உங்க முல்பாகல் நெலத்துல போர் எவ்வளவு ஆழம்?"

"ஆயிரத்து இருநூறு அடி. அதுவும் கோடையில புஸ்ஸுன்னு காத்துதான்."

"அந்தத் தண்ணியிலயே யுரேனியம் இருக்கலாம். பக்கத்துல எந்தச் சுரங்கமும் இல்லாமலே."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நாம் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா காலநிலை மாற்ற மையத்தைச் சேர்ந்தவர்கள் கிழக்குக் கர்நாடகத்தில் 73 கிராமங்களின் நிலத்தடி நீரைச் சோதித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். 57 கிராமங்களில் அதற்கு மேல். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருந்த வரம்பு 60. அதையும் 48 கிராமங்கள் தாண்டின. கோலார், சிக்கபள்ளாபூர் பக்கத்துச் சில ஊர்களில் 1,000-ஐத் தாண்டியது. பழைய கருங்கல்லில் இயல்பாகவே யுரேனியம் உண்டு. ஏரித் தண்ணீர் போய், கிணறு போய், போர் ஆயிரம் அடி இறங்கிய பின், பாறையிடுக்கில் பல காலம் ஊறிக் கிடந்த தண்ணீரைத்தான் இழுக்கிறோம். அதில் கரைந்து வருகிறது. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கே.சி. பள்ளத்தாக்குத் திட்டத்தில் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறோம் என்று பெருமை பேசுகிறோம். கோலார் விவசாயி அடியிலிருந்து எதைக் குடிக்கிறார் என்று இந்த நகரம் கேட்டதில்லை.

குடிநீரில் வரும் யுரேனியம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தை. கதிர்வீச்சால் இல்லை, ஈயம், காட்மியம் போல ஒரு கன உலோகமாக, ரசாயன நஞ்சாக. 30 என்ற வரம்பே அந்தக் கணக்கில் வந்தது. நம் தர நிர்ணய அமைப்பும் 2021-ல் குடிநீருக்கு 30 என்று வைத்துவிட்டது. ஆகவே கைகர் கருவியைப் போரின் மேல் காட்டினால் அது பேசாமல் இருக்கும். தண்ணீர் நல்லது என்று அர்த்தமாகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, ஆவியானது போக மிஞ்சும் நீரில் இன்னும் செறியும். ஊரில் ஐந்து ரூபாய்க் காசு போட்டால் கேனை நிரப்பும் ஃபில்டர் தண்ணி இருக்கிறதே, அந்த ஆர்.ஓ. முறை யுரேனியத்தைப் பெரும்பகுதி பிடித்துவிடும். பிடித்ததை வெளியே தள்ளும் கழிவுநீரில் அது கூடுதலாக இருக்கும். அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் மாட்டுத் தொட்டியிலோ பக்கத்துச் சாக்கடையிலோ.

இப்போது நான் சொல்ல வந்த ஒரே விஷயம். சுரங்கம் வந்து பத்து வருஷத்துக்குப் பின் ஒரு கிணற்றில் யுரேனியம் 200 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குட்டை கசிகிறது என்று ஊர் சொல்லும். இது இந்தப் பாறையின் இயல்பு, கோலாரைப் பாருங்கள் என்று நிறுவனம் சொல்லும். சில கிணறுகளில் நிறுவனம் சொல்வது உண்மையாகவே இருக்கும்! யுரேனியம் உள்ள இடத்தில்தானே யுரேனியம் தோண்டுகிறார்கள். சுரங்கத்துக்கு முன்னால் அதே கிணற்றில் எவ்வளவு இருந்தது என்ற எண் யாரிடமும் இல்லையென்றால், இந்தச் சண்டை நீதிமன்றத்திலும் தீராது, ஆய்வுக்கூடத்திலும் தீராது. சுரங்கம் பேச்சளவில் இருக்கும்போதே ஊர் தன் எண்ணைத் தன் கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குக் கெடு உண்டு. முதல் வண்டி மண் வெளியே வந்ததும் கெடு முடிந்துவிடுகிறது.

பெங்களூரிலிருந்து கதிரி வழியாகப் புலிவெந்துலா போனால் பக்கத்தில்தான் தும்மலப்பள்ளி. கடப்பா மாவட்டம், வாழைத்தோட்டப் பூமி. இந்திய யுரேனியக் கழகத்தின் ஆலை அங்கே 2012-ல் ஓடத் தொடங்கியது. அங்குள்ள தாதுப்பாறை சுண்ணாம்பு வகை. அமிலம் ஊற்றினால் பாறையே அமிலத்தைத் தின்றுவிடும். அதனால் சோடியம் கார்பனேட்டை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் யுரேனியத்தைக் கரைக்கிறார்கள். சில வருஷங்களில் கொட்டாலா, மப்புச்சிந்தலப்பள்ளி போன்ற குட்டையோர ஊர்களிலிருந்து புகார்கள்: போர்த் தண்ணீர் கெட்டது, வாழை கருகுகிறது, தோலில் அரிப்பு. குட்டைக்கு அடியில் போட வேண்டிய நீர்புகாப் படலத்தை நிபந்தனைப்படி போடவில்லை என்று ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி கே. பாபு ராவ் எழுதினார். 2018-ல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கழகம் கசிவை மறுத்தது. இன்றுவரை அந்த வாதத்தின் நடுவில் நிற்பது நான் மேலே சொன்ன கேள்விதான்: இந்தத் தண்ணீரில் முன்பு என்ன இருந்தது?

கோகியும் சுண்ணாம்புப் பகுதியைத் தொட்டிருப்பதால் தும்மலப்பள்ளியிலிருந்து ஒரு பாடம் நேராகப் பொருந்தும். கார முறையில் ஆலையிலிருந்து முதலில் தப்பி வருவது சோடியமும் சல்பேட்டும். ரேடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும். உப்பு தண்ணீரோடு ஓடிவரும். கார்பனேட் கலந்த நீரில் யுரேனியமும் கரைந்தே பயணம் செய்யும். ஆக, கிணற்றில் மொத்த உப்பு திடீரென்று ஏறுவதும், பாசனம் செய்த நிலம் இறுகித் தண்ணீர் இறங்காமல் நிற்பதும், கதிரியக்கக் கருவி எதுவும் சொல்வதற்கு முன்பே வரும் செய்தி. உப்பு பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய். ஒரு பள்ளிக்கூடப் பெண் மாதம் ஒருமுறை பத்துக் கிணற்றில் அதை நனைத்து நோட்டில் எழுதினால் போதும். அது யுரேனியத்தைக் காட்டாது. எந்தக் கிணற்றைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும்.

"வியாதி கணக்கு?" என்றார் மேஸ்திரி. "தண்ணிய விடுங்க சார், ஆளுக்கு என்ன ஆச்சுன்னு எழுதுனா போதாதா?"

போதாது என்பதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. மூவாயிரம் பேர் உள்ள ஊரில், சுரங்கமே இல்லாவிட்டாலும், நம் நாட்டு விகிதப்படி வருஷத்துக்கு மூன்று பேருக்குப் புற்றுநோய் வரும். ஒரு வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் ஐந்து என்று தற்செயலாகவே ஏறி இறங்கும். சுரங்கத்தால் ஒன்று கூடினாலும் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துவிடும். ஜாதுகுடாவில் 1960-களின் கடைசியிலிருந்து தோண்டுகிறார்கள். 2007-ல் அமைதிக்கும் வளர்ச்சிக்குமான இந்திய மருத்துவர் அமைப்பு, சுரங்கத்துக்கு அருகிலுள்ள ஊர்களையும் தொலைவிலுள்ள ஊர்களையும் ஒப்பிட்டு, அருகில் பிறவிக் குறைபாடுகள் கூடுதல் என்றது. யுரேனியக் கழகம் ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 2004-ல், உச்ச நீதிமன்றம் ஒரு பொதுநல மனுவை அணுசக்தித் தரப்பின் வாக்குமூலத்தை ஏற்றுத் தள்ளிவிட்டது. ஜாதுகுடாவைப் பற்றி ஸ்ரீபிரகாஷ் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் குழந்தைகளைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்; அந்தப் படம் ஒரு சாட்சி, ஆனால் ஒப்பிட ஒரு முந்தைய கணக்கைத் தர அதனால் முடியாது. என் சாய்வு ஊர்க்காரர் பக்கம்தான். அதனாலேயே அவர்கள் கையில் வெறும் சோகக்கதை மட்டும் இருப்பதைப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

மறுபக்கமும் ஒரு வார்த்தை. கேரளத்தில் கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் உண்டு. அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பல வருஷம் அந்த மக்களைத் தொடர்ந்து கணக்கெடுத்துப் பார்த்து, அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. மீட்டரில் ஒரு பெரிய எண்ணைப் பார்த்ததும் ஊரைக் காலி செய்ய வேண்டியதில்லை. பொதுமக்களுக்கான வரம்பாக வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட் வைத்திருக்கிறார்கள். அது இயற்கையாக எல்லோருக்கும் சராசரியாகக் கிடைக்கும் 2.4-க்கு மேல் கூடுதலாக வருவதைப் பற்றியது. மணலிலிருந்து உடம்பின் வெளியே படும் கதிர் ஒரு வழி, மூச்சிலும் தண்ணீரிலும் உள்ளே போவது வேறு வழி. கருநாகப்பள்ளியைக் காட்டித் தும்மலப்பள்ளிக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

வியாதிக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தனியாக நிற்காது, தண்ணீர்க் கணக்கோடு சேர்ந்தால் நிற்கும். அதிலும் பெங்களூரால் ஒரு கோளாறு வருகிறது. கோகிப் பக்கத்து இளைஞர்களில் பலர் வருஷத்தில் பாதி இங்கேதான் இருக்கிறார்கள். நோய் முற்றினால் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்துக்கு வருகிறார்கள். சீட்டு போடும்போது விலாசம் கேட்டால், தங்கியிருக்கும் மச்சான் வீட்டு விலாசத்தைச் சொல்வார்கள். ஃபோன் வந்தால் எடுக்க ஆள் வேண்டுமே. அந்த நோயாளி கணக்கில் பெங்களூர்வாசி ஆகிவிடுவார். புற்றுநோய்ப் பதிவேடு எங்கே குடியிருப்பவர் என்பதை வைத்துத்தான் எண்ணுகிறது. ஆகவே சொந்த ஊர், தாலுகா, அங்கே எத்தனை வருஷம் இருந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஊரில் ஆஷா பணியாளரிடம் பிறப்பு, கருக்கலைவு, இறந்தே பிறந்தவை இருக்கும் நோட்டையும் சுரங்கம் வருவதற்கு முன்னால் சில வருஷத்துக்குப் பிரதி எடுத்து வைக்கலாம். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கல்யாணப் பேச்சில் "அந்தக் கதிர்வீச்சு ஊர்ப் பெண்ணா" என்று ஆரம்பித்துவிட்டால் எந்த அறிவியலும் உதவாது.

விபத்து என்றால் குழாய் உடைவதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆலையிலிருந்து குட்டைக்குக் குழம்பு குழாயில் போகிறது. 2006 டிசம்பர் 24 அன்று ஜாதுகுடாவுக்குப் பக்கத்தில் டுங்ரிடீ கிராமத்தருகே அந்தக் குழாய் உடைந்து, கழிவு மணிக்கணக்கில் ஓடைக்குள் ஓடியது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஊர்க்காரர்கள் போய்ச் சொன்ன பிறகுதான் நிறுவனத்துக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் சர்ச் ராக்கில் 1979 ஜூலை 16 அன்று குட்டையின் கரையே உடைந்து சுமார் 35 கோடி லிட்டர் கழிவு ஆற்றில் இறங்கியது. ஆடு மேய்த்த நவாஹோ மக்கள் விஷயம் தெரியாமல் அந்த ஆற்றில் கால் வைத்தார்கள். ஆக, ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஆலையின் ஷிஃப்ட் பொறுப்பாளர் எண் இருக்க வேண்டும். குழாய் போகும் பாதை, அது எந்தெந்த ஓடையைக் கடக்கிறது, ஓடையின் கீழ்ப்பக்கத்தில் யார் குளிக்கிறார்கள், யார் மாடு தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு படம் வரைய வேண்டும். உடைந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை: கால்நடையை ஓட்டு, மீன் பிடிக்காதே, அந்த ஓடைத் தண்ணீரைப் பாய்ச்சாதே, வண்டல் காய்ந்து பறப்பதற்கு முன் அள்ளச் சொல். கடைசியைச் செய்ய வைப்பதுதான் கடினம்.

"இதெல்லாம் கெவர்மெண்டு பாக்காதா சார்?"

பார்க்கிறது, பார்ப்பவர் யார் என்பதுதான் கேள்வி. தோண்டும் கழகம் அணுசக்தித் துறையின் கீழ். சுரங்கத்தடியில் தண்ணீரையும் காற்றையும் அளக்கும் ஆய்வுக்கூடம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துடையது, அதுவும் அதே துறை. கண்காணிக்கும் ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அமைந்தது. அதற்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2012-ல் அறிக்கை கொடுத்தார். அந்த ஆய்வுக்கூடத்து ஆட்கள் பொய் எழுதுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் நல்ல விஞ்ஞானிகள் உண்டு. ஆனால் வீட்டுக்காரனே அளக்கும் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரனும் ஒருமுறை சங்கிலி போட்டுப் பார்ப்பது நம் வழக்கம்.

முன்பு ஒரு வாசல் இருந்தது. 2006-ன் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பொது விசாரணைக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், ஆட்சியர் தரப்பு தலைமை, பேசுவதெல்லாம் வீடியோவில். கூட்டம் பெரும்பாலும் சடங்காகவே முடியும் என்றாலும், நிறுவனம் எடுத்த முந்தைய தண்ணீர்க் கணக்கு அந்த அறிக்கையில் அச்சாகி ஊர் கைக்கு வரும்; தப்பாக இருந்தால் எழுந்து கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது அந்த வாசலின் பலம். 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டு, அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்கிவிட்டது. தமிழக முதல்வர் எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊர் தன் எண்ணைத் தானே எடுத்து வைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்துவதற்கு இந்தக் குறிப்பாணையும் ஒரு காரணம்.

செலவை யார் கொடுப்பது என்று மேஸ்திரி கேட்டார். சரியான கேள்வி. தாலுகா பரிசோதனைக் கூடத்தின் வழக்கமான பட்டியலில் யுரேனியம் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதிக் கேட்க வேண்டும். தனியார் கூடமென்றால் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தக் காகிதம் பின்னால் செல்லாது. கிராமப் பஞ்சாயத்துக்கு வரும் நிதிக்குழுப் பணத்தில் ஒரு பகுதி குடிநீருக்கென்றே வருகிறது. எல்லாக் கிணற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஊர் குடிக்கும் போர், ஆலை வரக்கூடிய திசையில் இரண்டு, எதிர்த்திசையில் ஒன்று, கீழ்ப்பக்கத்து ஓடை. மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, முடிந்தால் அடுத்த வருஷமும். யுரேனியத்தோடு சோடியம், சல்பேட், மொத்த உப்பு. பணம் இருந்தால் ரேடியம். வந்த எண்ணைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வைத்து, கிணறு வாரியாகத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். தேதியும் கையெழுத்துமாக அரசு ஏட்டில் ஏறிய எண்ணை நேற்று எழுதியது என்று எந்த வக்கீலும் தள்ள முடியாது.

"பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போறாங்க. காலி பெப்சி பாட்டில் குடுத்து அனுப்பவா?"

வேண்டாம் என்றேன். பாட்டிலைக் கூடத்திலிருந்தே வாங்க வேண்டும். உலோகம் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவர்களே அமிலம் சேர்ப்பார்கள். மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீர் குழாயில் நின்றது. பத்து நிமிஷமாவது ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். மேலே ஊர், கிணற்றுக்காரர் வீட்டு அடையாளம், ஆழம், தேதி, மணி, பிடித்தவர் பெயர். அப்படியே முல்பாகல் போருக்கும் ஒரு பாட்டில் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.